கையிருப்பு: ஒன்று

நாற்பத்தோராயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.
புதுவயல் ரயில்வே கேட்டில் நிற்கும்போது
மீட்டரில் மஞ்சள் விளக்கு.
எஞ்சின் படம் போட்ட பொட்டு விளக்கு.
வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.
அதுதான் வயிற்றைக் கலக்கியது.

கடைசித் தவணை கட்டி முப்பத்தெட்டு நாள்.
வாரண்டி நாற்பதாயிரத்தோடு சரியென்று
பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.
படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.
அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவள்,
பொடி எழுத்து எனக்குப் பழக்கம்.

விற்கும்போது அவன் சொன்னது:
கார்புரேட்டர் கிடையாது மேடம், சோக் இழுக்க வேண்டாம்,
பெட்ரோல் எவ்வளவு போகணும்னு
வண்டியே யோசிச்சு முடிவு பண்ணிக்கும்.
யோசிக்கிற எதுவும்
ஒரு நாள் சந்தேகப்படும் என்பதை
அவன் சொல்லவில்லை.

காரைக்குடி சர்வீஸ் சென்டரில் ஏசி உண்டு,
காகிதக் கோப்பையில் காபி உண்டு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டிகள்,
இந்தப் பக்கம் நாங்கள்,
ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு
உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி.
ஒரு பையன் லேப்டாப்பைச் செருகி
ஒரு எண்ணைப் படித்தான்.
ஆக்சிஜன் சென்சார்.
சுண்டுவிரல் நீளம்.
மூவாயிரத்து எண்ணூற்று அறுபது, வரி தனி.
"மாத்திட்டுப் பாக்கலாம் மேடம்."
பாக்கலாம்.
அந்தச் சொல்லுக்கு என் பேரேட்டில் இடம் கிடையாது.

மாற்றினார்கள்.
பழையதைக் கேட்டு வாங்கி டிபன் பையில் போட்டேன்.
கோட்டையூர் தாண்டவில்லை,
விளக்கு திரும்ப வந்துவிட்டது.

மறுபடி போனால் வேறு பெயர் சொன்னார்கள்.
வண்டியின் மூளையாம். பதினாலாயிரத்து இருநூறு.
ஸ்டாக் இல்லை, பத்து நாள் ஆகும்.

அன்றிரவு கானாடுகாத்தான் வீட்டில் ஐந்தொகை போட்டேன்.
ஆயில், பிரேக் கட்டை, இரண்டு டயர், செயின் செட்,
ஒரு பேட்டரி,
பள்ளத்தூர் முக்கில் ஆடு குறுக்கே வந்த அன்று
உடைந்த இன்டிகேட்டர்.
கடன் வட்டியும் சேர்த்து, பெட்ரோல் நீங்கலாக,
கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய் எண்பது காசு.
பஸ்ஸே மலிவு.
ஆனால் லோடு ஏற்றி முடித்த ஒன்பதரை மணிக்கு
பஸ் கிடையாது.
அந்த ஒன்பதரையை
எந்தப் பத்தியில் எழுத?

லாரி டிரைவர் சொல்லி சகுபரிடம் போனேன்.
அவனும் ஸ்கேனர் வைத்திருக்கிறான்.
அதற்கும் தவணை ஓடுகிறதாம், இன்னும் ஏழு.
அதைத் தொடவே இல்லை.
சீட்டைக் கழற்றி, டேங்கைத் தூக்கி,
மொபைல் வெளிச்சத்தில் குனிந்தவன் சிரித்தான்.
"வண்டிய எங்க நிறுத்துவீங்க?"
தவிட்டுக் கிடங்கை ஒட்டி.
"அதான். எலி."

பல் பதிந்த உறை, வெளியே தெரியும் செம்பு இழை,
பக்கத்தில் ஒரு பிடி உமி.
குடித்தனம் தொடங்கியிருக்கிறது.
ஆலை முழுக்க நெல் கிடக்க
வயர் கேட்டிருக்கிறது அதற்கு.

நூற்று இருபது வாங்கினான்.
டேப்புக்கு இருபது,
குனிந்ததற்கு நூறு.

சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டேன்.
மின்பொருள் திரும்ப எடுப்பதில்லை,
பில்லுக்குப் பின்னால் இருக்கே மேடம்.
இருந்தது. பொடி எழுத்தில்.
அதை மட்டும் நான் படிக்கவில்லை.

தேய்மானம் எழுதத் தெரியும் எனக்கு.
ஆலையின் மோட்டார், எடைமேடை, ஜெனரேட்டர்
எல்லாம் வருஷத்துக்குப் பதினைந்து சதவீதம்
சொன்னபடி தேயும், காகிதத்தில்.
எலிக்குச் சதவீதம் இல்லை.

பழைய சென்சார் மேசை டிராயரில்,
ரப்பர் ஸ்டாம்புக்குப் பக்கத்தில்.
ஒரு தப்பும் செய்யாதது.
நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன்:
கையிருப்பு, சென்சார், ஒன்று.
மதிப்பு என்ற இடத்தில் ஒரு கோடு.

இன்று காலை எடைமேடை முத்துராக்கு வந்து நின்றான்.
அதே கம்பெனி, அதே மஞ்சள்.
"ஓடுதுக்கா. ஆனா விளக்கு அணைய மாட்டேங்குது.
சென்சார்ங்கிறாங்க. நாலாயிரமாம்."
டிராயர் பக்கம் போன என் கை
பாதியில் நின்றது.

"முதல்ல சீட்டக் கழட்டு" என்றேன்.