ஐந்து பேருக்கு நான்கு

டோ குவா வானில்
டயர் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவே
ஒன்பது மேசை போட்ட கடை அது.
'பெரும் வளம்' என்றிருந்த பெயர்ப்பலகையில்
புயலன்று ஓர் எழுத்து விழுந்துபோய்
இப்போது வெறும் 'பெரும்'.

ஞாயிறு, பதினொரு மணி.
கதவோரம் காத்திருப்பவர்கள்
சாப்பிடுகிறவர்களின் கடைசி வாயை எண்ணுகிறார்கள்.

முதல் பானைத் தேநீர் குடிப்பதற்கில்லை.
கிண்ணம், கரண்டி, குச்சி
எல்லாவற்றையும் அதில் அலசுகிறார் மாமனார்.
முப்பது வருடம் கப்பல் இயந்திரம் துடைத்த கை
என் கிண்ணத்தை ஒரு சுற்று கூடுதலாகச் சுழற்றுகிறது.
அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது.

மாமனார் என்று எழுதிவிட்டேன்.
மார்ச் மாதத்துக்குப் பிறகு அவர் எனக்கு யாரென்று
எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

கின்-சாங்கும் நானும் கையெழுத்துப் போட்டது
அவருக்குத் தெரியாது.
"அப்பாவுக்கு இதயம் இருக்கே" என்றான் அவன்.
எனக்கு மட்டும் என்ன, கல்லீரலா?
சொல்லவில்லை. சரி என்றேன்.
அவன் மேற்கேயிருந்தும் நான் கிழக்கேயிருந்தும் வந்து
மருந்துக்கடை முனையில் சந்தித்து
குழந்தைக்கு ஆளுக்கொரு கை கொடுத்து
ஒரே வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு வந்தவர்கள்போல
உள்ளே நுழைகிறோம், இதோடு முப்பதாவது வாரம்.

மூங்கில் தட்டுகள் வருகின்றன, ஆவி முகத்தில் அடிக்கிறது.
கோழிக்கால் எனக்காக. நான் கேட்கவில்லை,
பென்சிலால் அவரே குறித்திருக்கிறார்.
அரிசித்தாள் சுருள் வழுக்கி மேசையில் விழுகிறது,
யாரும் பார்க்காதபோது கின்-சாங் எடுத்து விழுங்குகிறான்.
நான் பார்த்தேன்.

பிறகு ஹார் காவ். ஒரு தட்டில் நான்கு.
ஐந்து பேருக்கு நான்கு.
"எனக்கு இறால் ஆகாது" என்கிறாள் நாத்தனார் சுக்-யின்,
எங்கள் கல்யாணத்தில்
இரண்டு தட்டு இறால் உரித்துத் தின்றவள்.
விமான நிலையத்தில் தொலைந்த பெட்டிகள் பிரிவில் வேலை.
வாரம் ஒரு பெட்டிக் கதை சொல்வாள்.
இந்த வாரம்: பெட்டி நிறைய இடது கால் செருப்புகள்.

மெல்லிய தோல். உள்ளே இருக்கும் இளஞ்சிவப்பு
அப்படியே வெளியே தெரிகிறது.
அப்படித் தெரிந்தால்தான் நல்ல கைப்பக்குவம் என்பார்கள்.

அப்போதுதான் ஹேய்-லாம், ஏழு வயது,
வாய் நிறைய மாவோடு சொன்னாள்:
"அம்மா வீட்டு ரைஸ் குக்கர் பாட்டுப் பாடும், தாத்தா.
அப்பா வீட்டுது டக்னு மட்டும் சொல்லும்."

இடது கால் செருப்புகள் பாதியில் நின்றன.
பானை மூடியைச் சாய்த்து வைத்திருந்தோம்,
மே அக்கா வந்து வெந்நீர் ஊற்றிப் போனாள்.
நன்றி சொல்ல இரண்டு விரலால் மேசையைத் தட்டிய கின்-சாங்
அவள் போன பிறகும் தட்டிக்கொண்டே இருந்தான்.

மாமனார் கடைசி ஹார் காவை எடுத்து
என் கிண்ணத்தில் வைத்தார்.
"ஆறினா தோல் தடிச்சிடும்."
கொஞ்ச நேரம் கழித்து,
"பாடுற குக்கர் என்ன விலை?"
"அறுநூற்று எண்பது" என்றேன்.
"ஏமாத்திட்டான்" என்றார்.

பில்லுக்கு வழக்கமான மல்யுத்தம்.
சுக்-யின் என் மணிக்கட்டைக் கிள்ளினாள்,
கின்-சாங் தன் பர்ஸைத் தேநீரில் போட்டான்.
யாரோ எப்போதோ கட்டிவிட்டதாக முதலாளி சொன்னார்.
கழிவறைக்குப் போய்வந்தவர் ஒருவர்தான்.

வாசலில் எண்ணெய் படிந்த நோட்டு.
"அடுத்த ஞாயிறு யார் பேர்ல?"
ஔயியுங், ஐந்து பேர்.
ஒன்பது வருடமாக அதுதான்.
மாமனார் தொண்டையைச் செருமினார்.
"லோக் வாய்-ஷான்" என்றார்.
என் பெயர். என் அப்பா வீட்டுக் குடும்பப் பெயரோடு.
"அஞ்சு பேர்."

எழுதாத பேனாவை உதறி
முதலாளி பழைய தாளொன்றில் கிறுக்கிப் பார்த்தார்.
தலைகீழாகத்தான் படித்தேன்:
ஏப்ரல், இரண்டாம் ஞாயிறு.
லோக். ஐந்து.

வெளியே தூறல்.
இனி நடிக்க வேண்டியதில்லை என்று
இருவருக்கும் தெரிந்தது.
மருந்துக்கடை முனைவரை சேர்ந்தேதான் நடந்தோம்.
அவன் பர்ஸிலிருந்து தேநீர் சொட்டிக்கொண்டிருந்தது.