திரும்பி வரக் காசில்லை

ஆய்வுக்கு ஆள் தேவை என்று
மருத்துவமனைச் சுவரில் மூன்று மொழியில் ஒட்டியிருந்தது.
தமிழில் 'எண்ணச் சுழல் நோய்' என்று போட்டிருந்தார்கள்.
யாரோ நல்ல மனசோடு மொழிபெயர்த்திருக்கிறார்.
எங்கள் வீட்டில் அதற்குப் பெயர்
"இவளுக்கு வேற வேலை இல்ல."

அது பழைய பெர்ரிக் காலம்.
பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்குப் போகத்தான் காசு,
திரும்பி வரக் காசில்லை.
என்னைக் கெடுத்ததே அதுதான்.
பாதிக் கடலில் கேஸ் குமிழ் ஞாபகம் வரும்.
மூடினேன். மூடியதைப் பார்த்தேன்.
பார்த்ததை நம்பினேனா?
கரை தொட்டதும் இறங்கி, சுற்றி வந்து, அதே பெர்ரி.
வீட்டுக்கு ஓடிக் குமிழைத் தொட்டுவிட்டு
மறுபடி ஒரு வெள்ளி இருபது காசு.
ஒரு செவ்வாய்க்கிழமை ஐந்து தடவை.
ஐந்தாவதுக்கு, சில்லறைக் கூண்டில் இருந்த காக் ரொஹானி
ஒன்றும் கேட்காமல் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.
அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.
கடலைப் பார்த்து அழுதுவிட்டு வந்தேன்.

இயந்திரத்துக்குள் படுக்க வைத்தார்கள்.
தாலிக்கொடி, தோடு, ஹேர்பின் எல்லாம் ஒரு தட்டில்.
ஹேர்பின் ஆறு.
ஆறுதான்.
ஆறு.
"எதையும் நினைக்காதீங்க, எட்டு நிமிஷம்.
அந்தக் கூட்டல் குறிய மட்டும் பாருங்க"
ஒலிபெருக்கியில் யாரோ ஒரு பையன்.
சிரிக்கவும் முடியாது, தலை ஆடக்கூடாது.
எதையும் நினைக்காமல் இருக்கத் தெரிந்தால்
நான் ஏன் தம்பி இங்கே வந்து படுக்கிறேன்?

பதினொரு மாதம் கழித்து
டாக்டர் ஊய் திரையில் ஒரு மூளையைக் காட்டினார்.
கண்ணுக்கு மேலே சிவப்பாக ஒரு திட்டு:
'சரியாத்தான் இருக்கா?' என்று கேட்கிற இடம்.
ஆழத்தில், வால் நீண்ட இன்னொன்று:
'போதும், அடுத்தது' என்று சொல்ல வேண்டிய இடம்.
நடுவே தடித்த ஒரு கோடு.
மற்றவர்களைவிட இவை இரண்டும்
சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்குகின்றனவாம்,
சும்மா படுத்திருக்கும்போதுகூட.

இத்தனை வருஷம்
உள்ளே ஏதோ அறுந்துவிட்டது என்றிருந்தேன்.
அறவே இல்லை.
பேசி முடித்தும் போனை வைக்காத சம்பந்திகள்.
சரி, வச்சிடட்டா?
வைங்க.
வச்சிடறேன்.
ஆங், இன்னொண்ணு...

"இதுல நான் எது டாக்டர்?"
அவருக்குக் கொஞ்சம் கூச்சம்.
இது உங்கள் மூளை இல்லை,
அறுபத்திரண்டு பேரின் சராசரி என்றார்.
ஒற்றை ஆளைப் பார்த்தால் இப்படித் தெரியாது,
எல்லாரையும் கூட்டினால்தான் கோடு.

திரும்புகிற பெர்ரியில்
மீதி அறுபத்தொரு பேரை நினைத்துக்கொண்டிருந்தேன்.
பாயான் லெப்பாசில் கை கழுவிக் கழுவித் தோல் உரிந்தவர்.
ஆயர் ஈத்தாமில், யார்மேலோ மோதிவிட்டோமோ என்று
அதே வளைவை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பவன்.
பெயர் தெரியாது, முகம் தெரியாது,
என் கோட்டின்மேல் கோடாகப் படுத்திருக்கிறார்கள்.
ஒரே பாயில் அறுபத்திரண்டு பேர்.
ஒருத்தருக்கும் தூக்கம் வந்திருக்காது.

பாதிக் கடலில் வழக்கம்போல் ஞாபகம் வந்தது.
வீட்டில் குமிழ் மூடித்தான் இருந்தது.
எப்போதும் மூடித்தான் இருந்திருக்கிறது,
அது ஒருநாளும் பிரச்சினையே இல்லை.

அன்றைக்குத் தட்டிலிருந்து திரும்பி வந்தது ஐந்து ஹேர்பின்.
பதினொரு மாதமாக யாரையும் கேட்கவில்லை.
இன்றைக்கு டாக்டர் அறையில்
வாய் வரைக்கும் வந்தது.
கேட்கவில்லை.