அவரவர் இருட்டு

திங்கள் காலை எட்டேகால்.
ஜன்னலில் மழை படுக்கைவாட்டில் பெய்கிறது.
ஃபாரோவில் அதற்கு அதுதான் பழக்கம்.
"நேற்று எத்தனை மீன் செத்தது?" என்கிறார் மேலாளர்.

இருநூற்று எழுபத்தெட்டு, என்கிறாள் மர்யுன்.
இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது, என்கிறான் ஹோக்னி.
நாற்பது, என்று சொன்ன ரோக்வி
தன் மடிக்கணினியைத் தானே சந்தேகமாகப் பார்க்கிறான்.

ஒரே டாஷ்போர்டு. ஒரே கடல்.
இருபத்திரண்டு கூண்டுகளில் ஓயாமல் வட்டமடிக்கும்
ஒரே சால்மன் கூட்டம்.
இந்த மேசையில் யாரும் பொய் சொல்லவில்லை.

அதைச் செய்தவள் நான்.
பதில் சொல்ல வேண்டியவளும்.

போன செப்டம்பர் வரை
எல்லோருக்கும் சேர்த்து ஒரே வடிகட்டி.
ஹோக்னிக்குத் தன் நான்கு கூண்டுகள் போதும்.
மற்றவற்றின் டிக்கை எடுத்தான், பார்த்தான்,
காபிக் கோப்பையைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போவதுபோல
அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனான்.

அன்றிரவு தெப்பத்தில் காவல் சுன்வா.
வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்.
சுவர்த்திரையில் நான்கு வரிகள், நான்கும் பச்சை.
அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நிறம்;
வரிகளை எண்ணச் சொல்லி யாரும் சொல்லவில்லை.
மணியும் கண்ணுக்குத் தெரிந்ததற்கு மட்டுமே அடிக்கும்,
அப்படித்தான் எழுதியிருந்தேன்.
ஒன்பதாம் கூண்டில் ஆக்ஸிஜன்
இறங்கியது, இறங்கியது,
பச்சை வெளிச்சத்தில் அவள் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

விடிந்தபோது தண்ணீர் முழுக்க வெள்ளை வயிறுகள்.
பதினோராயிரம்.

பூனை கண்ணை மூடினால்
பூலோகம் இருண்டுவிடுமா என்பார்கள்.
இருண்டது.
ஒரு பூனை மூடியது, எங்கள் எல்லோருக்கும் இருண்டது.

விசாரணை அறிக்கையில் ஹோக்னியின் பெயர் இல்லை.
"அமைப்பின் குறை" என்று எழுதினார்கள்.
அமைப்பு என்றால் நான்.

ஆகவே மாற்றினேன்.
உன் டிக் இனி உன் திரையோடு நிற்கும்.
நீ மறைத்தது உனக்கு மட்டும் மறையும்.
முழுப் பூசணிக்காயையும் சோற்றில் மறைத்துக்கொள்,
அடுத்தவர் தட்டில் அது காயாகவே இருக்கும்.
கைதட்டினார்கள். கேக் வெட்டினார்கள்.
ஒவ்வொரு திங்களும் இப்போது
ஆளுக்கொரு எண்ணிக்கை,
அவரவர் பூனைக்கு அவரவர் இருட்டு.

யார் எதை மறைத்தார்கள் என்று
பதிவேட்டில் எனக்குத் தெரியும்.
பார்க்கக் கூடாது. பார்ப்பேன்.
மர்யுன் தன் வடிகட்டிக்கு வைத்த பெயர்
'தலைவலி இல்லாதவை'.
ரோக்வி கிறிஸ்துமஸுக்கு முன்பு
ஒரே ஒரு கூண்டைத் தேர்ந்தெடுத்தான்;
அன்றிலிருந்து அவன் உலகில் அது மட்டும்தான் நீந்துகிறது.

"எல்லோரும் 'அனைத்தையும் நீக்கு' அழுத்துங்கள்," என்கிறேன்.
அழுத்துகிறார்கள்.
முந்நூற்றுப் பதினொன்று.
முந்நூற்றுப் பதினொன்று.
ஹோக்னியின் விரல் மட்டும்
சற்று நேரம் பொத்தான்மேல் நிற்கிறது.

முந்நூற்றுப் பதினொன்றில்
இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது போனால் பன்னிரண்டு.
அந்தப் பன்னிரண்டும் எந்தக் கூண்டென்று எனக்குத் தெரியும்.
ஒரு காலத்தில் தன்னுடையது தவிர எல்லாவற்றையும் மறைத்தவன்,
இன்று எல்லாவற்றையும் பார்க்கிறான்,
அந்த ஒன்றைத் தவிர.
அது அவன் கூண்டுகூட இல்லை.

"ம், முந்நூற்றுப் பதினொன்று," என்கிறான்.
மேலாளர் குறித்துக்கொள்கிறார்.
எட்டு ஐம்பத்திரண்டுக்குப் பதிவேட்டில் ஒரு வரி:
ஹோக்னி, ஒன்பது, மறைக்கப்பட்டது.
அந்த வரியை நான் யாருக்கும் காட்டவில்லை.

மதியம் தெப்பத்துக்குப் போனேன், கேபிள் மாற்ற.
சுன்வாவின் கணக்கில் வடிகட்டியே கிடையாது.
ஆனால் திரையின் விளிம்பில், பிளாஸ்டிக்கின் மேல்,
அழியாத கறுப்பு மையில்
பெரிதாக 22 என்று எழுதி வைத்திருக்கிறாள்.

எழுதியது தேய்ந்திருக்கிறது.
திரும்ப எழுதியிருக்கிறாள்.
நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே
ஆட்காட்டி விரலை மேல் வரியில் வைத்து
உதடு அசைய எண்ணத் தொடங்குகிறாள்.
பச்சைக்கு ஒரு மரியாதையும் இல்லை.