மூடி மூட வேண்டும்

கொருக்குப்பேட்டை கேட்டில் எஞ்சினை அணைக்காத ஒருவன்
எப்போதும் இருப்பான்.
அவன் வண்டி எப்படி ஓடுகிறது என்று
கேட்டுக்கொண்டிருப்பது என் பழக்கம்.
அன்று கூட்ஸ் போய்க் கேட்டு திறந்ததும்
தண்டவாளத்தில் ஏறி இறங்கிய என் வண்டியை
மற்றவர்கள் கேட்டார்கள்.
செயின் தளர்ந்து
உண்டியலைக் குலுக்குகிற சத்தம்.

டில்லிபாபு போன மாதம்தான் இறுக்கினான்.
இருநூற்றைம்பது ரூபாய்.
கூடவே கிளட்ச் கவரில்
ஒரு ஸ்டார் ஸ்க்ரூவின் தலையை வழித்துவிட்டு
அதன்மேல் கிரீஸ் அப்பியிருந்தான்.
விரல் பட்டபோதுதான் தெரிந்தது.
சண்டை போடலாம்.
நாளைக்கு பஞ்சர் யார் ஒட்டுவது?

இனிமே நானே பாத்துக்கறேன் என்றேன்.
பாத்துக்கோ, என்றாள் பிலோமினா.
சாமான வெக்க வூட்ல எடம் கீதா?
பத்துக்குப் பன்னிரண்டு அறை.
கட்டில், காஸ், ஆறு குடம்,
பிளஸ் டூ பரீட்சை.
அடுப்புக்குக் கீழே கைவிட்டு
வெங்காயத்தை முறத்தில் கொட்டி
ஒரு நீல பிஸ்கட் டின்னை நீட்டினாள்.
இதுல அடங்கறத வாங்கினு வா.
மூடி மூடணும்.

லிங்கிச் செட்டித் தெருவில்
டின்னோடு போய் நின்ற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.
முர்தசா பாய் சிரிக்கவில்லை.
நாற்பத்தாறு சாக்கெட்டும்
பல்வரிசை போல் மின்னிய பெட்டியைத் திறந்தார்,
டின்னைப் பார்த்தார்,
மூடினார்.
எங்கே வீடு?
சொன்னேன்.
அப்போ மினுக்கறது வேண்டாம். உப்புக் காத்து,
ஆறு மாசத்துல தோல் உரியும்.
எதையெல்லாம் கழட்டுவீங்க?

அதை நான் யோசித்திருக்கவில்லை.

சரி, எதைக் கழட்ட மாட்டீங்க?
எஞ்சினை.
பாதிக் கடை மிச்சம், என்றார்.

ஓப்பன் ஸ்பேனர் நட்டின் ரெண்டு கன்னத்தை மட்டும் பிடிக்கும்,
ரிங் ஆறையும் பிடிக்கும் என்று
பத்து-பதினொன்று, பன்னிரண்டு-பதிமூன்று,
பதினாலு-பதினைந்து
ஒவ்வொன்றாக டின்னில் படுக்கவைத்தார்.
பிளக் ஸ்பேனர். ஃபீலர் கேஜ், ஒரு விரல் தடிமன்.
நுனி கூரான ஸ்டார் டிரைவர்.
டின்னைக் குலுக்கிப் பார்த்து
இடுக்கில் ஒரு நோஸ் பிளையரைச் செருகினார்.
டார்க் ரெஞ்ச்சைத் தொட்டேன்,
விலையைக் கேட்டு விட்டேன்.
இது இல்லாமதான் ஊரே இறுக்குது,
அதான் ஊரே மரை போகுது என்றார்.
ஆனாலும் விற்கவில்லை எனக்கு.

கடைசியில் செயின்.
பின்சக்கர ஆக்சிலுக்கு இருபத்துநாலு வேண்டும்.
இருபத்துநாலு-இருபத்தேழு, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கம்மி.
நேராக வைத்தோம், குறுக்கே வைத்தோம்.
எதற்காக வந்தேனோ அது மட்டும்
டின்னுக்கு வெளியே தலை நீட்டியது.
இருபத்தேழு என் வண்டியில் எங்குமே இல்லை.
ஒரு முனைக்கு வீணாகக் காசு கொடுத்தேன்.

பிலோமினா மூடியை மட்டும் சரிபார்த்தாள்.
நீளமானதை மாதா படத்துக்குப் பின்னால்
ஆணியில் மாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை.
சந்தில் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி
பழைய டூத் பிரஷ்ஷால், டீசல் தொட்டு
செயினைக் கண்ணி கண்ணியாகத் தேய்த்து முடித்துவிட்டுப் போனால்
ஆணி காலி.

விடிகாலை நாலு மணிக்கு மெட்ரோ வாட்டர் வந்ததாம்,
அடிபம்பு தலை ஆடியதாம்,
நாகபூஷணம் அக்கா கதவைத் தட்டினாளாம்.
இருபத்தேழு
கச்சிதமாக உட்கார்ந்ததாம்.

எட்டு மணி ஆகியும் பம்படியில் கூட்டம்.
ஸ்பேனர் பிலோமினாவின் இடுப்பில், புடவைச் செருகலில்.
முறை மாற்றித் தருவதும் அவள்தான் என்று
பார்த்தாலே தெரிந்தது.
தா, என்றேன்.
இரு, மறுபடி ஆடினா? இன்னும் நாலு கொடம்.

வண்டி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.
சக்கரத்தைச் சும்மா சுற்றிவிட்டேன்.
சுத்தமான செயின், அதே தொய்வு.
பொழுது போக டின்னைத் திறந்தேன்.
வெங்காய வாசனை.
இன்னும் ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை,
அதற்குள்
பத்தாம் நம்பரைக் காணோம்.