எண்ணூறு மீட்டர்

ஆணை அக்டோபரில் வந்தது:
முந்நூற்றுப் பதினாலாம் கிலோமீட்டர்க் கல்லிலிருந்து
தெற்கே எண்ணூறு மீட்டருக்கு
முள்கம்பியை எடுத்துவிடவும்.
மான்கள் கடக்கட்டும்.
கீழே கையெழுத்து, நீல முத்திரை,
உலான்பாத்தர் மேசையொன்றின் தேநீர்க் கறை.

நானும் செரென்துலாமும் வெட்டினோம்.
குறடு கடித்ததும் கம்பி துள்ளிச் சுருண்டு
அவள் கையுறையைக் கிழித்தது.
பிறந்ததிலிருந்து இழுபட்டே நின்ற இரும்புக்கு
விட்டவுடன் எப்படிச் சும்மா கிடக்கத் தெரியும்?

முட்களில் மயிர் இருந்தது,
வெளிறிய மஞ்சள், கொத்துக் கொத்தாக.
ஓரிடத்தில் ஒரு குளம்பு மட்டும்.
மற்றதை நரி எப்போதோ கொண்டுபோயிருந்தது.
எண்ணுவது என் வேலையில்லை.
என் வேலை தண்டவாளம்:
திருகாணி தளர்ந்திருக்கிறதா, ஜல்லி சரிந்திருக்கிறதா.
ஆனால் இருபத்தாறு குளிர்காலம்
ஒரே கோபியில் ஒரே பாதையில் நடந்தால்
கண் தானாக எண்ணிக்கொள்கிறது.

சுருள்களை லாரியில் ஏற்றினோம்.
செரென்துலாம் ஒன்றைக் கேட்டு வாங்கிப்போனாள்,
நாய்க்கொட்டகைக்கு.

டிசம்பரில் ஜீரன் மான்கள் வந்தன,
மேற்கே புல் தீர்ந்துபோய்.
வந்தன என்றால்,
நிலமே எழுந்து நடப்பதுபோல.
ஆயிரமோ, மூவாயிரமோ.
இருப்புப்பாதைக்கு அப்பால் காற்று பனியைச் சீவித் தள்ளியிருக்க
புல்நுனிகள் தெரிந்தன.
கண்ணுக்கு எட்டியது வாய்க்கு எட்டாது என்று
ஏற்கெனவே முடிவுசெய்தவைபோல
வந்து நின்றன,
கம்பி இருந்த அதே கோட்டில்.
பிறகு வடக்கே திரும்பி
கம்பியோரமாக,
இல்லாத கம்பியோரமாக நடந்தன.
தாய் திரும்பிய இடத்தில் குட்டி திரும்பியது.
அந்தக் குட்டி
கம்பியைப் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை.

எண்ணூறு மீட்டர் வாசல் திறந்து கிடந்தது.
அதில் முதலில் நுழைந்தவை
ஞாம்தோர்ஜின் செம்மறிகள்.
பதினொன்று செத்தன.
நிலக்கரியோடு வந்த கான்புரேவ்
ஊதினான், பிரேக் பிடித்தான்;
அந்தச் சுமை நிற்க ஒரு கிலோமீட்டர் வேண்டும்.

ஞாம்தோர்ஜ் என் கதவைத் தட்டவில்லை, உதைத்தான்.
'மானுக்கு வாசல் வைத்தாயே,
என் ஆட்டுக்கு எமனை யார் வைத்தது?'
உப்புத் தேநீர் ஊற்றினேன்.
குடிக்கமாட்டேன் என்றான்; குடித்தான்.
இந்த வேலிக்குக் குழி தோண்டியவர்களில்
அவன் அப்பாவும் ஒருவராம். கூலி, மாவு.
'ஆட்டைக் காக்கத்தான் என்று
எங்களுக்குச் சொன்னார்கள்' என்றான்,
கோபம் ஆறாமல்,
இரண்டாவது கிண்ணத்தை நீட்டி.

ஜனவரி அறிக்கையில் எழுதினேன்:
கடந்த மான், இல்லை.
இறந்த ஆடு, பதினொன்று.
பதில் வந்தது: பொறுத்திருக்கவும்.
யார்?

ஒரு விடியல். மைனஸ் முப்பத்தொன்று.
வேலிக்கு அந்தப் பக்கம்
கறுப்பாய் ஏதோ கிடந்தது.
குட்டியோ என்று இறங்கிப் போனேன்.
டயர்த் துண்டு.
திரும்பும்போதுதான் என் தடங்களைக் கவனித்தேன்.
நேராக வந்த காலடிகள்
கம்பி இருந்த இடத்தில் பக்கவாட்டில் திரும்பியிருந்தன,
நடுவே பனியில் ஊன்றிய கையுறையின் அச்சு.
குனிந்திருக்கிறேன்.
தொப்பி மாட்டாமலிருக்கத் தலையைத் தாழ்த்தி
ஒன்றுமில்லாததன் அடியில்
நுழைந்து போயிருக்கிறேன்.

கம்பியை வெட்டியவள் நான்.

நிமிர்ந்து பார்த்தால்
கல்லெறி தூரத்தில் ஒற்றைக் கிடாய்,
மூக்கிலிருந்து ஆவி விட்டுக்கொண்டு, என்னையே பார்த்தபடி.
அதற்குக் காட்டத்தான் என்றால் செரென்துலாம் சிரிப்பாள்:
கையை வீசி, நெஞ்சை நிமிர்த்தி
அந்தக் கோட்டை இன்னொரு முறை கடந்தேன்.
முதுகு தானாக வளையப் பார்த்தது.
விடவில்லை.
திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன்.

ஏழு நாற்பது வண்டி தூரத்தில் ஊதியது.
கொடியை உதறிப் பிடித்து ஓரமாய் நின்றேன்.
ஐம்பத்திரண்டு பெட்டிகள்.
கடைசிப் பெட்டி போனபின்
கிடாய் நின்ற இடம் காலியாக இருந்தது.
எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை;
வண்டி கிளப்பிய பனி
இன்னும் இறங்கவில்லை.