வினா எண் பதினேழு

பாளையங்கோட்டை, விடைத்தாள் திருத்தும் முகாம்.
சித்திரை.
கூடத்தில் நாலு மின்விசிறி, ஓடுவது இரண்டு,
அதில் ஒன்று என் தாள்களை மட்டும் தூக்கும்.
காலையில் இருபது, மதியம் இருபது.
சிவப்புப் பேனா மூடியைக் கடித்தபடி
இன்று இருபத்தாறு முறை
மேபிளவர் கப்பலைக் கரை சேர்த்துவிட்டேன்.
இருபத்தாறு முறை தேயிலையைக் கடலில் கொட்டியாயிற்று.
ஒரு பிள்ளை மட்டும் தெப்பக்குளத்தில் கொட்டியிருந்தது.
அதற்கும் அரை போட்டேன்.

‘குடியேற்றம் தொடங்கி ஆலைகளின் காலம் வரை
அமெரிக்க வரலாற்றின் திருப்புமுனைகளை விளக்குக.’
பத்து மதிப்பெண்.
விடைக்குறிப்பு சொல்கிறது:
ஆண்டுகளுக்கு மூன்று, போர்களுக்கு நாலு,
அடிமை ஒழிப்புக்கு ஒன்றரை,
தண்டவாளமும் எஃகும் சேர்த்து மிச்சம்.

முப்பத்தோராவது தாள்.
பெயர் இருந்த மூலை கிழிக்கப்பட்டு எண் மட்டும்.
காற்றில் சாய்ந்த கம்பந்தட்டை மாதிரி எழுத்து.

“கப்பலில் வந்தவர்கள் காலி நிலம் என்று எழுதினார்கள்.
எங்கள் ஊரிலும் கணக்கில் தரிசு என்றிருக்கும் இடத்தில்
ஆடு மேயும், ஆள் நிற்பான்.
ஆகவே இது எனக்குப் புரிந்தது.

பஞ்சிலிருந்து கொட்டை பிரிக்கும் பொறி வந்தது.
பொறி வந்தால் வேலை குறையும் என்பார்கள்.
அங்கே பருத்தி எடுக்க இன்னும் ஆள் வாங்கினார்கள்.

பிறகு போர். வடக்கு, தெற்கின் துறைமுகங்களை அடைத்தது.
இங்கிலாந்து ஆலைகள் வாய்திறந்து கிடந்தன.
கடம்பூருக்குத் தெற்கே
என் தாத்தாவுக்குப் பூட்டன் வெயிலுகந்தான்
கம்பு போட்ட கரிசலையும் உழுது பருத்தி விதைத்தார்.
தூத்துக்குடிக்கு வண்டி வண்டியாய்ப் போனது.
மாட்டுக் கொம்புக்குப் பித்தளைக் குப்பி,
அவர் காதுக்குச் சிவப்புக்கல் கடுக்கன்.
யாருக்கும் யாருக்கும் சண்டை என்று அவருக்குத் தெரியாது.
‘நல்லா அடிச்சிக்கிடட்டும்’ என்றாராம்.

நாலாம் வருடம் சமாதானம்.
கயிறு அறுந்த வாளியாய் விலை விழுந்தது.
கடுக்கன் வட்டிக்குப் போனது, கரிசல் பின்னால் போனது.
அந்தச் சமாதானத்தில்தான் அடிமைகள் விடுதலையானார்கள்.
அதைக் கேட்டு அழுத ஊர் எங்களுடையது.
இதை எந்தத் தலைப்பில் எழுதுவது?

அங்கே தண்டவாளம் கடலிலிருந்து கடல் வரை போட்டார்கள்.
எங்களுக்கும் ரயில் வந்தது, தாது வருசப் பஞ்சமும்
அதே வருடம் வந்தது.
தானியம் ரயிலில் வந்ததா போனதா என்பதில்
கருத்து வேறுபாடு உண்டு.

நான் கோவில்பட்டி மில்லில் ராத்திரி ஷிப்ட்.
இழை அறுந்தால் ஒட்டுவேன்.
சில பேலின் மேல் அமெரிக்கா என்று அச்சடித்திருக்கும்.
பிரிக்கும்போது எங்கள் பஞ்சு மாதிரிதான் தும்மல் வரும்.
ஆகவே திருப்புமுனை என்பது”

அவ்வளவுதான். மணி அடித்திருக்க வேண்டும்.

ஆண்டு ஒன்றுகூட இல்லை.
ஓரத்தில் ‘ஆதாரம்?’ என்று எழுதினேன்.
தலைமைத் தேர்வாளர் எஸ்தர் ஞானமலர்
தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு,
“வருசம் இல்லாட்டா மார்க் இல்ல சார்.
அழுகைக்குக் கட்டம் கெடையாது” என்றார்.
அவர் சொல்வது சரி.

எங்கள் வீடு தூத்துக்குடி.
பருத்திக் கமிஷன், கூடவே கொஞ்சம் வட்டிக்கடை,
நாலு தலைமுறைக்கு முன்னால்.
அம்மாவின் பெட்டி அடியில்
யார் காதிலிருந்து வந்ததென்று தெரியாத கடுக்கன்கள்
மஞ்சள் துணியில் முடிந்து கிடக்கும்.
சிவப்புக்கல் இரண்டு.
நான் அதைப் பற்றி யாரிடமும் கேட்டதில்லை.

‘ஆதாரம்?’ என்பதை அடித்தேன்.
அடித்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டும், போட்டேன்.
மதிப்பெண் ஆறு.
ஆறைச் சுற்றி வட்டமிடும்போது கை கொஞ்சம் கோணியது.

முப்பத்திரண்டாவது தாள்.
மேபிளவர் மறுபடி கரையை நெருங்குகிறது.
கரையில் ஆட்கள் நிற்கிறார்கள்.