சர்வே எண் இல்லாத கீரை

பர்கூருக்குத் தெற்கே
மலையைக் கேக்கு மாதிரி அறுத்து
லாரியில் ஏற்றிப் போன பிறகு
மிச்சமிருக்கும் இடத்தில் எங்கள் தகர வீடுகள்.
தோண்டினால் பாறை.
தோண்டாவிட்டாலும் பாறை.
ஒரு முருங்கைக் கொம்பு நடப் போய்
கடப்பாரை வளைந்ததுதான் மிச்சம்.

ரேஷன் அரிசி வரும், வரவில்லை என்று சொல்ல மாட்டேன்.
சோறு உண்டு.
சோற்றுக்குப் பக்கத்தில்தான் ஒன்றும் இல்லை.
உப்பு, வறமிளகாய், புளித்தண்ணீர்.

அங்கன்வாடித் தராசில் மோனிஷா
எட்டுக் கிலோ எழுநூறு.
இரண்டு வயது, நான்கு மாதம்.
டீச்சர் பேனாவை நோட்டில் வைத்தவள்
கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.
மஞ்சள் பட்டைக்குள்தான் புள்ளி.
சிவப்புக்கு ஒரு நூல் மேலே.

ஓசூர்ப் பக்கம் ரோஜாக் கூடாரத்தில்
மருந்து கலக்கிக்கொண்டிருந்த சென்றாயன்,
வேலை போய்த் திரும்பியவன்,
என்னைவிட நாலு வயது சின்னவன்,
இரண்டு பொட்டலம் உப்பு கொடுத்தான்.
"ரெண்டையும் சேர்த்துக் கொட்டாதே அக்கா.
இது கரையட்டும், அப்புறம் அது."

மீன்கடை வாசலில் வீசிய தெர்மக்கோல் பெட்டி.
டீக்கடைக் கப்பு,
ஆணியைச் சுட்டு அதில் ஏழெட்டு ஓட்டை.
கப்புக்குள் கிரஷர் ஜல்லி, பொடிசு.
பன்னிரண்டு வருடம் தலையில் சுமந்ததில்
முதன்முதலாக
எனக்கென்று ஒரு பிடி.

முதல் பெட்டி அழுகிப்போனது.
ஆசையில் விளிம்புவரை ஊற்றிவிட்டேன்.
சென்றாயன் முகர்ந்து பார்த்தான், சிரிக்கவில்லை.
"வேர் பாதி குடிக்கணும்,
பாதி மூச்சு விடணும்க்கா.
நடுவுல ரெண்டு விரல் காத்து வை."

அடுத்த பெட்டி பாசி பிடித்தது.
அதற்குக் கறுப்புச் சாக்கு.
கொசுவுக்குப் பழைய நைலக்ஸ் சேலை.
ஒகேனக்கல் குழாய் வாரத்தில் இரண்டு நாள் வரும்;
வரிசையில் நின்று பிடித்ததில்
பெட்டிக்கு ஒரு குடம், நடுவில் இன்னொரு அரைக்குடம்.
கீரை குடித்தது அவ்வளவுதான்.
மோட்டாரும் இல்லை, கரண்டும் இல்லை.

சாயங்காலம் நான்கு மணிக்குச் சங்கு ஊதும்.
பிறகு வெடி.
பெட்டிக்குள் தண்ணீர் வளையம் வளையமாய் நடுங்கும்,
வெள்ளை வேர்கள் ஆடி ஆடி நிற்கும்.
இலையில் படிந்த கல்தூசியை
மூன்று தண்ணீர் அலசித்தான் அரிய வேண்டும்.

இருபத்தாறாம் நாள்
தண்டு ஒடியும் சத்தம் கேட்டேன்.
பூண்டு நாலு பல் கடன் வாங்கினேன்.

கீரை வயிற்றை நிரப்பாது, தெரியும்.
சோறு இறங்க ஒரு வழி செய்கிறது, அவ்வளவுதான்.
மோனிஷா தட்டைத் தள்ளவில்லை.

ஒருநாள் மேனேஜர் வண்டியை நிறுத்தினார்.
"லீஸ் நிலத்துல விவசாயமா?
யாரைக் கேட்டு நட்டே?"
அவரெதிரே ஒரு பெட்டியைத் தூக்கினேன்.
அடியில் அவருடைய பாறை,
ஒரு சொட்டு ஈரமில்லாமல்.
"உங்க நிலத்தைத் தொடவே இல்லைங்க சார்."
குனிந்து பார்த்தார். காலால் தடவியும் பார்த்தார்.
போகும்போது
"இது என்ன, சிறுகீரையா?" என்றார்.

ஐப்பசியில் ஒன்பது கிலோ இருநூறு.
டீச்சர் தராசைத் தட்டிவிட்டு
மறுபடி உட்காரவைத்தாள்.
அதே இருநூறு.

உப்புப் பொட்டலம் முடியப்போகிறது.
சென்றாயன் பெங்களூரில், போன் எடுப்பதில்லை.
கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் கிடைக்கும் என்கிறார்கள்,
நாலு வீட்டார் சேர்ந்தால் ஒரு மூட்டை.
மூன்று வீடு சேர்ந்தாயிற்று.
தையோடு லீஸ் முடியுமாம், காலி செய்யச் சொல்வார்களாம்.
சொல்லட்டும்.
மலையே லாரியில் ஏறிப் போகிற ஊர்.
என் தோட்டம் ஏறாதா?

நான்காம் பெட்டியில் இன்று தண்ணீர் இறங்கியிருக்கிறது.
விரலை விட்டுப் பார்த்தேன்.
இரண்டு விரல் காற்று.
ஊற்றாமல் மூடினேன்.